அப்ரண்டிஸ் பயிற்சியில் பாகுபாடா? புகார் போக வேண்டிய இடம் இது

வேலை கற்றுக்கொள்ள வந்த பிள்ளையிடம் சாதியோ பாலினமோ பார்த்து, இயந்திரத்தைத் தொடவிடாமல் பெருக்கவும் தேநீர் வாங்கவும் அனுப்புவது அநியாயம். ஆனால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போய்விடாதீர்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் உங்களைப் பயிற்சி பெறுபவராகவே பார்க்கிறது, தொழிலாளராக அல்ல.

அதே சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நிறுவனத்துடன் நீங்கள் செய்த பயிற்சி ஒப்பந்தம் தொடர்பான தகராறுகளைத் தீர்ப்பவர், அரசு நியமிக்கும் அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகர். அவரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்த நகலை இணையுங்கள். எந்தத் தேதியில், யார், என்ன செய்தார், மற்றவர்களுக்குக் கிடைத்த எந்தப் பயிற்சி உங்களுக்கு மறுக்கப்பட்டது என்று தனித்தனியாக எழுதுங்கள். 'என்னை மதிப்பதில்லை' என்ற ஒரு வரி எவ்வளவு உண்மையாக இருந்தாலும் விசாரணையில் நிற்காது. முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பாலியல் தொல்லைக்கு வழி வேறு. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்ரண்டிஸ்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும், பெற்றுக்கொண்டதற்கான ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.