முதல் கிட்டாருக்கு மரம் வாங்குவது எப்படி? ஈட்டி மரத்தின் மேல் ஆசை உள்ளவர்களுக்கு

சொந்தமாக ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "ரோஸ்வுட் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. பிரேசில் ரோஸ்வுட் கட்டையாகக் கிடைப்பது நின்றுபோனதும், 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கம் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே, அதே ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வார்கள்.

ஆனால் இன்று மரக்கடையில் போய் "ஈட்டி இருக்கா அண்ணே" என்று கேட்டு வாங்கி வந்துவிட முடியாது, வாங்கவும் கூடாது. எங்கே வெட்டியது, யார் அனுமதி கொடுத்தது என்பதற்குக் காகிதம் இல்லாத பலகை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு விதியைச் சுற்றித்தான்.

படி 1: எந்த இடத்துக்கு எவ்வளவு மரம் என்று எழுதுங்கள்

மேல்பலகைக்கு, அதாவது டாப்புக்கு, இரண்டு துண்டு: ஒவ்வொன்றும் சுமார் 56 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம், 4 மி.மீ. கனம். பின்பலகைக்கும் அதே கணக்கு. பக்கங்களுக்கு 80 முதல் 85 செ.மீ. நீளத்தில், 12 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள். அப்புறம் நெக் (கழுத்து), அதன் மேல் விரல் வைத்து அழுத்தும் ஃப்ரெட்போர்டு, டாப்பில் கம்பிகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ். அவ்வளவுதான்.

எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அரிய மரம் தேவைப்படும் இடமே கொஞ்சம். கன அடிக் கணக்கில் கட்டை வாங்கி அறுக்க ஆரம்பித்தால் முக்கால்வாசி விறகாகத்தான் போகும். கிட்டார் அளவுக்கு அறுத்து, இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து விற்கும் செட் வாங்குங்கள்.

படி 2: அரிய மரம் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

கிட்டாரின் குரலில் பெரும்பங்கு டாப்புக்கு. ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரெஸ் இதை நிரூபிக்கவே 1862-இல் ஒரு கிட்டார் செய்தார். டாப் மட்டும் நல்ல மரம். முதுகும் பக்கமும் காகித அட்டை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியம். ஒரே மாதிரி ஆறு கிட்டார் செய்ய வைத்தார்கள். பின்பலகையும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். 52 கிட்டார்க் கலைஞர்கள், வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் இருப்பது எந்த மரம் என்று தெரியாமலே வாசித்து மதிப்பெண் போட்டார்கள். ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

ஆகவே முதல் கிட்டாருக்கு ஈட்டி கட்டாயமில்லை. அதன் நிறத்துக்காகவும் ரேகைக்காகவும் வேண்டுமென்றால் சரி, அது நியாயமான ஆசை. சத்தத்துக்காக என்று மட்டும் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

படி 3: பக்கத்தில் கிடைப்பதை முதலில் பாருங்கள்

பலாவில் தொடங்கலாம். தஞ்சாவூர் வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் பலாதான். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு வாத்தியக்காரர்களிடம் தனி மரியாதை. காட்டு மரம் இல்லை, தோப்பு மரம். காய்ப்பு நின்ற மரத்தை வெட்டும்போது வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. வைரம் பாய்ந்த பகுதி மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறும். பக்கங்களை வளைக்கும் முன் ஒரு வீண் துண்டைச் சூட்டுக் குழாயில் வளைத்துப் பார்த்துவிடுங்கள்.

நெக்குக்கு மகோகனி. லத்தீன் அமெரிக்கக் காடுகளின் பெரிய இலை மகோகனி 2003 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2023-இல் ஆப்பிரிக்க மகோகனியும் சேர்ந்தது. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ விவசாயிகள் மகோகனியைப் பயிராகவே வளர்க்கிறார்கள். ஃபிஜித் தீவில் நட்டு வளர்த்த மகோகனியை அமெரிக்கக் கிட்டார்க் கம்பெனிகளே வாங்குகின்றன. தோட்டத்து மரத்தில் ஒன்று கவனிக்க வேண்டும்: இளம் மரமாக இருந்தால் வெளிப்புற வெள்ளை அதிகமாக இருக்கும். வைரப் பகுதியை மட்டும் எடுங்கள்.

பழைய வீட்டு மரமும் நல்ல வழி. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தூணும் கதவும் உத்திரமுமாகப் பர்மாத் தேக்கு கிடைக்கிறது. சில சமயம் ஈட்டியும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம். அறுக்கக் கொடுக்கும் முன் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சாமில்காரர் அடுத்த முறை உள்ளே விட மாட்டார். பழைய மரம்தானே என்று பில்லை விட்டுவிடாதீர்கள். எந்த வீட்டுச் சாமான் என்று அதில் எழுதி வாங்குங்கள்.

ஃப்ரெட்போர்டுக்கு எல்லோரும் கேட்பது கரிய எபோனி. கேமரூன் நாட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். எபோனியை உள்ளே பார்க்காமல் நிறம் சொல்ல முடியாது, வெட்டினால்தான் தெரியும். முழுக்கறுப்புதான் விலைபோகும் என்பதால், பழுப்புக் கோடு ஓடிய மரங்களை வெட்டிய இடத்திலேயே போட்டுவிட்டு வந்தார்கள். 2011-இல் டெய்லர் கிட்டார் கம்பெனி, ஸ்பெயின் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து கேமரூன் தலைநகர் யவுண்டேயில் ஓர் எபோனி ஆலையை வாங்கியது. ஒரு முழுக்கறுப்பு மரத்துக்காகப் பத்து மரம் வரை விழுகிறது என்பது கம்பெனியின் நிறுவனர் பாப் டெய்லருக்கு அப்போதுதான் தெரிய வந்தது. அதன்பின் கோடு போட்டதையும் அதே விலைக்கு எடுத்துத் தன் கிட்டார்களில் போட ஆரம்பித்தார். 2016 முதல் எபோனிக் கன்று நடும் திட்டமும் நடக்கிறது. நீங்களும் கோடு ஓடிய துண்டையே கேளுங்கள், அழகில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

எபோனியைத் தமிழில் கருங்காலி என்பார்கள். அந்தப் பெயரில் விற்பதை மட்டும் ஜாக்கிரதையாக வாங்குங்கள். கருங்காலி மாலை போடும் மோகம் வந்தபிறகு கறுப்பாக இருக்கிற கட்டையெல்லாம் கருங்காலி ஆகிவிட்டது.

படி 4: ஈட்டிதான் வேண்டும் என்றால், காகிதம்

ஈட்டிக்கென்றே தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டம் போட்டது. பட்டா நிலத்தில் நிற்கிற மரத்துக்கும் அதில் கட்டுப்பாடு இருந்தது. இப்போதைய நிலவரத்தை உங்கள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"பட்டா மரம் தம்பி, பிரச்சினையே இல்லை" என்று யாராவது சொன்னால் முட்டில் கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயநாட்டில் இருக்கிறது. ஓர் அரசாணையைச் சாக்காகக் காட்டி, நூறு ஈட்டி மரங்களுக்கு மேல் அங்கே பட்டா நிலங்களில் வெட்டினார்கள். 2021-இல் விஷயம் வெளியே வந்தபோது மரம் எர்ணாகுளத்து மில் வரைக்கும் போயிருந்தது. அங்கே பறிமுதல் செய்தார்கள். அந்த மில்லில் அறுத்த பலகை ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால், பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

காகிதம் என்றால் மூன்று. வனத்துறை டிப்போ ஏலத்தில் எடுத்த ரசீது அல்லது வெட்டும் அனுமதி. மரத்தை வண்டியில் கொண்டுவந்ததற்கான பெர்மிட். உங்கள் பெயருக்குக் கடைக்காரர் போட்ட பில். பில்லில் மரத்தின் அறிவியல் பெயர் இருக்க வேண்டும்: டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. வெறும் "ரோஸ்வுட்" என்றால் வடநாட்டு ஷீஷமாக இருக்கலாம், தென் அமெரிக்காவின் வேறு ஏதோ மரமாகவும் இருக்கலாம். இந்தோனேசியாவில் சோனோகெலிங் என்று விற்பது ஜாவாவில் வளரும் இதே லாட்டிஃபோலியாதான். எஃப்எஸ்சி முத்திரை (பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்த மரம் என்பதற்கான சர்வதேசச் சான்று) இருந்தால், அதோடு சி என்ற எழுத்தும் ஆறு இலக்கமும் இருக்கும். அந்த எண்ணை எஃப்எஸ்சி தளத்தில் போட்டு, சான்று இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

காகிதம் சரியில்லை என்றால் பெரிய ஆட்களும் தப்ப முடியாது. அமெரிக்காவில் கிப்சன் கிட்டார்க் கம்பெனிக்குள் 2009-இலும் 2011-இலும் அதிகாரிகள் நுழைந்தார்கள். முதல் முறை மடகாஸ்கர் எபோனிக்காக, இரண்டாம் முறை இந்தியாவிலிருந்து போன ஃப்ரெட்போர்டுப் பட்டைகளுக்காக. 2012-இல் மடகாஸ்கர் விவகாரத்தில் 3,00,000 டாலர் அபராதம் கட்டி முடித்துக்கொண்டது கிப்சன். இந்தியப் பட்டைகளில் நம் நாட்டு ஏற்றுமதிச் சட்டமே தெளிவாக இல்லை என்று ஆகி, அவை திரும்பக் கிடைத்தன.

படி 5: பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் நல்லது. படுத்திருந்தால் மழைக்கும் வெயிலுக்கும் வளையும். பிறகு நீளத்தில் கால்வாசி தூரத்தில், ஓரமாக, இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு நடுவில் முட்டியால் தட்டுங்கள். நல்ல ஈட்டி கணீர் என்று கேட்டு, சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். பொத்தென்று கேட்டால் ஈரம் இருக்கலாம், உள்வெடிப்பும் இருக்கலாம்.

மூலையில் ஓர் ஓரமாகச் சீவிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். புதிதாகச் சீவிய ஈட்டியில் ஊதாவும் பழுப்பும் கலந்து கோடு ஓடும், லேசான இனிப்பு வாசனை வரும். எபோனி என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேயுங்கள். கறுப்பு இறங்கினால் அது சாயம். ஈட்டித் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும், அதனால் இழைக்கும்போது மாஸ்க் போடாமல் நிற்காதீர்கள்.

படி 6: காய விடுங்கள், எழுதி வையுங்கள்

வாங்கிய அன்றே ஒட்ட ஆரம்பிக்காதீர்கள். பலகைகளுக்கு நடுவே சின்ன ரீப்பர் துண்டுகள் வைத்து, மேலே பாரம் ஏற்றி, காற்றோட்டமாக அடுக்குங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் ஒரு பலகையை நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை இறங்குவது நின்றால் மரம் அறைக் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். அறையின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்போது ஒட்டுவது நல்லது. சென்னை மாதிரி ஊரில் ஏசி அறை இல்லாமல் இது நடக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டாப்பை ஒட்டினால் சித்திரையில் விரிசல் விடும்.

கிட்டார் முடிந்ததும் ஒலித்துளை வழியாகத் தெரிகிற இடத்தில் ஒரு லேபிள் ஒட்டி, ஒவ்வொரு பாகத்தின் மரப் பெயரும் வாங்கிய ஆண்டும் பில் எண்ணும் எழுதுங்கள். 2017 தொடக்கத்திலிருந்து டால்பெர்ஜியா வகை அத்தனையும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. வெளிநாடு போகும்போது சுங்க அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு, பில்களின் நகலை கிட்டார்ப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.