ஐவிஎஃப் செலவும் காப்பீடும்: முதல் ஊசிக்கு முன் செய்ய வேண்டியவை

ஐவிஎஃப், அதாவது கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கும் சிகிச்சைக்கு, மருத்துவமனை சொன்ன ‘பேக்கேஜ்’ தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்தவள் நான். ஊசி மருந்துகள் அதில் சேராது என்பது மருந்தகத்தில் பில்லைப் பார்த்த பிறகே தெரிந்தது.

முதல் படி: பாலிசியைக் கடைசியிலிருந்து படியுங்கள். முன்பக்கத்துச் சலுகைகள் எங்கும் ஓடிவிடாது; ‘விலக்குகள்’ பகுதிதான் முக்கியம். காரணத்தைக் கண்டறியும் பரிசோதனைக்குப் பணம் தந்து, சிகிச்சைக்குக் கைவிரிக்கும் பாலிசிகள் உண்டு. காத்திருப்புக் காலத்தையும் வாழ்நாள் உச்சவரம்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காததையே மருத்துவம் குழந்தையின்மை என்கிறது. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதத்திலேயே பரிசோதனை தொடங்கலாம். பாலிசி எதை ஏற்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் படி: மதிப்பீட்டை வரிவரியாக எழுதி வாங்குங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருமுட்டை எடுத்தல், மயக்க மருந்து, ஆய்வகம், கருவைக் கருப்பைக்குள் வைத்தல், அதன்பின் கர்ப்பம் தங்க உதவும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். முட்டைகளை வளரச் செய்யும் ஊசிகள் ஏறக்குறைய 8 முதல் 14 நாள் வரை தொடரும். சினைப்பையில் மீதமிருக்கும் கருமுட்டைகளைப் பொறுத்து மருந்தின் அளவு மாறுவதால், பக்கத்து நாற்காலிக்காரரின் பில் உங்களுக்கு உதவாது. ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் ‘இக்சி’ முறை, முக்கியமாக ஆணிடம் குறை இருக்கும்போது தேவைப்படுவது. உங்களுக்கு எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள். உறைய வைத்த கருக்களுக்கு ஆண்டு வாடகை உண்டு. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முட்டை வளராமல் பாதியில் நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு திரும்பி வரும்?

மூன்றாம் படி: பாலிசி, மதிப்பீடு ஆகிய இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, காப்பீடு தருவது, தராதது, தெளிவில்லாதது என்று ஒவ்வொரு வரிக்கும் குறியிடுங்கள். தெளிவில்லாதவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கிடைத்த ‘ஆமாம்’ பின்னால் செல்லாது. ‘ஒரு சுழற்சி’ (ஒரு முறை சிகிச்சை) என்று பாலிசி எதைக் கணக்கிடுகிறது என்பதையும் கேளுங்கள்: உறைந்த கருவை அடுத்த மாதம் வைப்பது அதே சுழற்சியா, புதிதா? முன் அனுமதி தேவையென்றால், கடிதம் கைக்கு வரும்வரை ஊசியைத் தொடங்காதீர்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, மருத்துவரின் கடிதத்தோடு மேல்முறையீடு செய்யுங்கள்.

கடைசியாகப் பணத்தைப் பிரிப்பது. முதல் சுழற்சியே பலிக்கும் என்று இருப்பதையெல்லாம் அதில் கொட்டாதீர்கள். காசை மிச்சப்படுத்த ஒரே நேரத்தில் இரண்டு கருக்களை வைக்கும் ஆசையும் வரும், எனக்கும் வந்தது. இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவ அபாயம் கூடும் என்று மருத்துவர் விளக்கியதும், அந்த யோசனையை நானே கைவிட்டேன்.