தொய்ந்துபோன உயிர்காப்பு அங்கி: என் அனுபவம்
திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் வள்ளத்தில் செல்லும்போது நான் அணியும் 150 நியூட்டன் மிதப்புவிசை தரும் காற்றடைப்பு உயிர்காப்பு அங்கியை மாலையில் வாயால் ஊதி வைத்தால், விடியும்போது அது தொய்ந்து கிடந்தது. அவசரத்தில் அங்கியை ஊதவைக்கும் காபனீரொட்சைட்டு வாயு உருளையை நிறுத்துப் பார்த்தேன்; அதில் பொறித்திருந்த எடை குறையவில்லை. பொருத்துகளிலும் உருளை திருகப்படும் இடத்திலும் சவர்க்கார நீர் பூசியும் ஒரு குமிழிகூட எழாததால், பல நாட்கள் வீணாயின.

ஊதுகுழாயின் தூசு மூடியைக் கழற்றி, குழாயின் நுனியை நீரில் அமிழ்த்தியபோதுதான், அதுவரை மூடி மறைத்திருந்த கசிவு நூலிழைபோன்ற குமிழிகளாகத் தெரிந்தது. குழாயினுள் காற்றைத் தடுத்து நிறுத்தும் வால்வின் ஓரத்தில் கடலுப்பு படிந்திருந்தது. வெதுவெதுப்பான நன்னீர் விட்டு, வால்வைப் பலமுறை அழுத்தி விடுவித்து, நிழலில் உலர்த்தினேன். மீண்டும் ஊதியபின் 24 மணிநேரமும் அங்கி விறைப்பாகவே இருந்தது, பெரும் நிம்மதி. பல அங்கிகளில் அம்மூடியைத் தலைகீழாகச் செருகினால் வால்வு திறந்து காற்று வெளியேறிவிடும் என்பதால், மடித்து வைக்குமுன் மூடி நேராக உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.