பச்சை டிக் போடும் ஸ்கிரிப்டுகள்: நான் செய்த, நீங்கள் செய்ய வேண்டாத தவறுகள்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் சர்வர்களில் புது வெர்ஷனை இறக்கும் தன் டிப்ளாய் ஸ்கிரிப்டை ஓட்டிக் காட்டினான். 12 சர்வர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, வரிக்கடைசியில் பச்சை டிக். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "எல்லாத்துலயும் புது வெர்ஷன் போயிடுச்சு அண்ணா" என்றான். சும்மா ஒரு சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். பழைய வெர்ஷன். இன்னொன்றிலும் பழசு. 3 சர்வர்களில் டிஸ்க் நிரம்பிக் கிடந்தது, புது கோடு இறங்கவே இல்லை. டிக் மட்டும் பன்னிரண்டும் வந்திருந்தது.

அவன்மேல் கோபம் வரவில்லை. அதே டிக்கை நானும் ஒரு காலத்தில் போட்டவன், அதற்கு விலையும் கொடுத்தவன். எழுத்துப்பிழை, கலரை அள்ளிக் கொட்டுவது எல்லாம் நாலு முறை ஓட்டினால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஸ்கிரிப்ட் தன் வேலையைப் பற்றிச் சொல்லும் மெசேஜ்களில் தானாகச் சரியாகாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வேலை நடந்ததா என்று கேட்காமலே ‘முடிந்தது’ என்பது

தம்பியின் ஸ்கிரிப்டில் நடந்தது இதுதான். டைரக்டரிக்குள் போ, கோடை இழு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய், ‘ஓகே’ என்று எக்கோ செய் (அதாவது திரையில் எழுது). இந்த நான்கையும் செமிகோலன் போட்டுக் கோத்து, ஒரே மேற்கோளுக்குள் வைத்து தூரத்து சர்வரில் கமாண்டுகளை ஓட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்பியிருந்தான். அந்தப் பக்கம் கமாண்டுகளை ஓட்டும் ஷெல் கடைசிக் கமாண்டின் எக்ஸிட் கோடைத்தான் (வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் வேறு எண்) திருப்பித் தரும். கடைசிக் கமாண்டு எக்கோ. எக்கோ எங்கே தோற்கப் போகிறது? எனவே எப்போதும் 0. நெட்வொர்க்கே இல்லாமல் போயிருந்தால் எஸ்எஸ்ஹெச் 255 கொடுத்திருக்கும், அதையாவது பிடித்திருப்பான். கனெக்‌ஷன் நன்றாக இருந்ததுதான் வினை.

என் கதை இதைவிட மோசம். அப்போது ஒரு மொத்த வியாபாரியின் பில்லிங் டேட்டாபேஸ் என் பொறுப்பில் இருந்தது. பேக்கப் மெஷினிலிருந்து தினமும் ராத்திரி பிஜி டம்ப் (போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை நகலெடுக்கும் கருவி) ஓட்டி, அதன் அவுட்புட்டை நேரே ஃபைல் சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்கு இன்புட்டாகப் பைப் செய்து, அன்றைய தேதியில் ஃபைலாகச் சேமித்து, கடைசியில் ‘பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது’ என்று எழுதும் ஸ்கிரிப்ட். கூடவே 14 நாளுக்கு மேற்பட்ட ஃபைல்களை அழிக்கும் ஒரு வரி. என்னமோ எச்சரிக்கைகள் வந்து லாகை அசிங்கப்படுத்துகின்றன என்று எரர் ஸ்ட்ரீமைக் குப்பைக்குத் திருப்பிவிட்டதும் நானேதான்.

ஒரு நாள் டேட்டாபேஸ் சர்வரைப் புதிய மேஜர் வெர்ஷனுக்கு ஏற்றினோம். பேக்கப் மெஷினில் இருந்த பிஜி டம்ப் பழசு. தன்னைவிடப் புதிய மேஜர் வெர்ஷனிடமிருந்து டம்ப் எடுக்க அது மறுத்துவிடும். ஒரே ஒரு எரர் வரியைச் சொல்லிவிட்டு வெளியேறும். அந்த வரி போனது குப்பைக்கு. ஜிஜிப்புக்கு வந்ததோ வெறும் காற்று. அது அதையும் சிரத்தையாகச் சுருக்கி வைத்தது. ஒன்றுமே இல்லாததை ஜிஜிப் சுருக்கினால் 20 பைட் வரும், அந்த எண்ணை நான் இனி மறக்க மாட்டேன். பைப்பின் எக்ஸிட் கோடு என்பது கடைசியில் நிற்பவரின் கோடு. ஜிஜிப்புக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதனால் ஸ்கிரிப்டுக்கும் நல்லபடியாக முடிந்தது.

காலையில் டீ குடித்துக்கொண்டே லாகைப் பார்ப்பேன். ‘வெற்றிகரமாக முடிந்தது’. ஃபோல்டரையும் பார்ப்பேன், இன்றைய தேதியில் ஃபைல் இருக்கும். சைஸ் காட்டும் ஆப்ஷனோடு ஒரு நாள் பட்டியலிட்டிருந்தால் போதும். செய்யவில்லை. 19-ஆம் நாள் டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் போனது. பேக்கப் ஃபோல்டரில் வரிசையாக 20 பைட் ஃபைல்கள். உருப்படியாக இருந்த பழைய ஃபைல்களை அந்த 14 நாள் விதி ஒவ்வொன்றாக, ஒழுங்காக, தினம் ஒன்று என்று அழித்து முடித்திருந்தது. டெவலப்பர் ஒருவரின் லேப்டாப்பில் டெஸ்டிங்குக்காக எடுத்து வைத்த ஒரு மாதப் பழைய நகல் கிடைத்தது. மீதியை மூன்று பேர் நான்கு நாள் உட்கார்ந்து காகித பில்களைப் பார்த்துப் பார்த்து டைப் அடித்தார்கள். நான்காவதாக நானும் உட்கார்ந்தேன்.

இது ஏதோ எனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருந்தேன். 2017 ஜனவரி 31 அன்று, கோடு சேமிக்கும் தளம் நடத்தும் கிட்லாப் நிறுவனத்தின் டேட்டாபேஸ் அழிந்தபோது அவர்களே வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், ஏறக்குறைய இதே பூதம். சர்வர் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்க ஓடிய பிஜி டம்ப் 9.2. பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. தோல்வியைச் சொல்ல, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் மெயில் அனுப்பியிருக்கிறது, ஆனால் அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால் அந்த மெயில்கள் நிராகரிக்கப்பட்டுவிட்டன. 6 மணி நேரத்துக்கு முந்தைய ஒரு ஸ்னாப்ஷாட் (அந்நேரத்து நகல்) தற்செயலாக இருந்ததால் தப்பினார்கள். என்னைவிட அதிர்ஷ்டசாலிகள்.

சரி, என்ன செய்வது? முதலில் ‘பைப்ஃபெயில்’ ஆப்ஷனைப் போடுங்கள். அப்போதுதான் பைப்பின் நடுவில் யார் செத்தாலும் ஸ்கிரிப்டுக்குத் தெரியும். ரிமோட்டில் ஓடும் கமாண்டுகளைச் செமிகோலனால் கோக்காமல் இரட்டை ஆம்பர்சண்டால் (&&) கோத்துவிடுங்கள், ஒன்று தோற்றால் அங்கேயே நிற்கும். ஒரு கமாண்டு தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் ‘செட் மைனஸ் ஈ’ போட்டுவிட்டால் எல்லாம் பிடிபடும் என்று நம்பாதீர்கள். ஃபங்ஷனுக்குள் ஒரு வேரியபிளை ‘லோக்கல்’ என்று அறிவித்த அதே வரியில் ஒரு கமாண்டின் விடையை வாங்கினால், லோக்கலின் வெற்றி கமாண்டின் தோல்வியை மூடிவிடும். அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பை அடுத்த வரியிலும் வையுங்கள்.

அப்புறம், எக்ஸிட் கோடு மட்டும் பத்தாது. விளைவைப் பார்க்க வேண்டும். ஜிஜிப்பிடம் ஃபைல் சரியா என்று சோதிக்கச் சொன்னால், அந்த 20 பைட் ஃபைலையும் சரி என்றுதான் சொல்லும். முறைப்படி சுருக்கப்பட்ட வெறுமை அது, அதில் பிழை ஒன்றும் இல்லை. பிஜி டம்ப் டெக்ஸ்டாக எடுத்தால், டம்ப் முழுமையாக முடிந்தது என்று கடைசியில் ஒரு கமெண்ட் வரி எழுதும். ஃபைலின் கடைசிச் சில வரிகளில் அது இருக்கிறதா என்று தேடுகிறேன். நேற்றைய சைஸில் பாதிக்கும் கீழே போனால் கத்தச் சொல்லியிருக்கிறேன். இவை இரண்டும் தேறிய பிறகுதான் பழைய ஃபைலை அழிக்கும் வரி ஓடும். என் ஸ்கிரிப்ட் இப்போது ‘முடிந்தது’ என்ற சொல்லையே எழுதுவதில்லை. ஃபைலின் பெயர், சைஸ், நேற்றைய சைஸ், எடுத்த நேரம், அவ்வளவுதான். டிப்ளாய் என்றால், சர்வீஸிடமே நீ எந்த வெர்ஷன் என்று கேட்டு அது சொன்ன பதிலை அச்சடிப்பேன்.

தம்பி இப்படி மாற்றி ஓட்டியதும் 9 வரியில் வெர்ஷன் எண், 3 வரியில் சிவப்பு. முகம் வாடிப்போய், "நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்துச்சு அண்ணா" என்றான்.

பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வது

மேலே சொன்ன கிட்லாப் சம்பவத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அன்று இரவு இரண்டாம் நிலை டேட்டாபேஸ் (முதன்மையின் நகல்) பின்தங்கிவிட்டது. அதைப் புதிதாக நகலெடுக்க பிஜி பேஸ்பேக்கப் என்ற கமாண்டை ஓட்டினார்கள். விரிவாகப் பேசு என்ற ஆப்ஷனையும் கொடுத்திருந்தார்கள். அது உருப்படியாக எதுவுமே சொல்லாமல் நின்றது. உண்மையில் அது தொங்கவில்லை, முதன்மை சர்வர் டேட்டா அனுப்பத் தொடங்கும்வரை மௌனமாகக் காத்திருப்பது அதன் இயல்பு. அது தெரியாததால், பழைய டைரக்டரிதான் தடை என்று எண்ணி அழிக்கப் போன ஒருவர், தவறான சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் கண்டுபிடித்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிச்சம். இப்போதைய வெர்ஷன்களில் அந்தக் கமாண்டு, செக்பாயின்ட்டுக்காக (டேட்டாவை டிஸ்கில் எழுதி முடிக்கும் கட்டம்) காத்திருக்கிறேன் என்று ஒரு வரி சொல்கிறது.

ஸ்கிரிப்ட் பேசாமல் நின்றால் மனிதன் சும்மா இருக்க மாட்டான். கன்ட்ரோல் சி அடிப்பான், இன்னொரு முறை ஓட்டுவான், எதையாவது அழிப்பான். எனவே நேரம் பிடிக்கும் வேலைக்கு முன்னால், எதற்காகக் காத்திருக்கிறோம், வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு வரி போடுங்கள். நடுநடுவே உயிர் இருப்பதைக் காட்ட வேண்டுமானால் மாறும் எண் ஒன்றைக் காட்டுங்கள், வளரும் ஃபைலின் சைஸ் மாதிரி. பின்னணியில் ஒரு லூப் வைத்து நொடிக்கு ஒரு புள்ளி வைப்பதில் அர்த்தமில்லை. வேலை செத்த பிறகும் புள்ளி வந்துகொண்டே இருக்கும்.

சிலர் மெசேஜை ஒழுங்காக எழுதியும் அது வந்து சேருவதில்லை. இதற்குக் காரணம் பஃபர், அதாவது அவுட்புட்டைச் சேர்த்து வைக்கும் தற்காலிக இடம். ஒரு நிரல் டெர்மினலுக்கு எழுதும்போது வரிக்கு வரி வெளியே விடும். எதிரே இருப்பது டெர்மினல் இல்லை என்று தெரிந்தால் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொட்டும். எஸ்எஸ்ஹெச்சில் நேரடியாக ஒரு கமாண்டைக் கொடுத்து ஓட்டினால் அந்தப் பக்கம் டெர்மினல் ஒதுக்கப்படுவதில்லை. பைத்தானின் பஃபர் வெகு காலமாக 8192 பைட். உங்கள் மெசேஜ் வரிக்கு 40 பைட் என்றால், 200 வரி சேரும்வரை திரையில் ஒன்றும் வராது, பிறகு குபுகுபு என்று கொட்டும். பாஷ் என்ற ஷெல்லின் எக்கோ உடனுக்குடன் வந்துவிடும், அது கூப்பிடும் நிரல்கள்தான் தேக்கி வைக்கும்.

பைத்தானை ‘மைனஸ் யு’ போட்டு ஓட்டுங்கள், வரிகளில் சொல் தேடும் கிரெப்புக்கு லைன் பஃபர் ஆப்ஷன் இருக்கிறது, பிறவற்றுக்கு எஸ்டிடி-பஃப் என்ற கருவி பெரும்பாலும் உதவும். எஸ்எஸ்ஹெச்சுக்கு ‘மைனஸ் டி’ கொடுத்து டெர்மினலை வரவழைக்கலாம், ஆனால் எரரும் அவுட்புட்டும் ஒரே ஓடையில் கலந்துவிடும், வரிக்கடைசியில் ஒரு கேரேஜ் ரிட்டர்னும் ஒட்டிக்கொள்ளும். ஆளே உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மட்டும் நான் அதைப் போடுவேன்.

மெசேஜை விடையோடு கலப்பது

பேக்கப் பாதையைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதுகிறீர்கள். உள்ளே அன்பாக ‘பேக்கப் எடுக்கிறேன்’ என்று ஒரு எக்கோ. கூப்பிட்ட இடத்தில் வேரியபிளுக்குள் பாதையோடு அந்த வாக்கியமும் வந்து உட்காரும். அந்த வேரியபிளை மேற்கோள் இல்லாமல் அழிக்கும் கமாண்டுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. மனிதனுக்கான மெசேஜ் ஸ்டாண்டர்ட் எரரில் போகட்டும், நிரலுக்கான விடை மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில்.

இதன் உறவுக்காரத் தவறு, ஷெல் தொடங்கும்போது படிக்கும், சர்வரின் பாஷ்ஆர்சி ஃபைலில் ‘வருக வருக’ என்று எக்கோ வைப்பது. உங்கள் ஷெல் சுத்தமாக இருக்கிறதா என்று ஒருநாள், மெஷின்களுக்கிடையே ஃபைல் நகலெடுக்கும் ஆர்சிங்க் எரர் மெசேஜிலேயே கேட்கும். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் கேட்கும். அந்த வரவேற்பு வரியைத் தனக்கு வந்த டேட்டா என்று எடுத்துக்கொண்டு குழம்பிப் போயிருக்கும்.

முதல் சர்வரோடு நின்றுவிடும் லூப்

சர்வர் பட்டியலை வைல் லூப்பில் வரி வரியாகப் படித்து, உள்ளே எஸ்எஸ்ஹெச் ஓட்டுகிறீர்கள். முதல் சர்வர் முடிந்ததும் ‘எல்லாம் முடிந்தது’ என்று வருகிறது. மிச்சப் பட்டியலை எஸ்எஸ்ஹெச் தன் இன்புட் என்று நினைத்து விழுங்கிவிட்டது. இன்புட் படிக்காதே என்று எஸ்எஸ்ஹெச்சுக்குச் சொல்லும் ‘மைனஸ் என்’ போடுங்கள். கடைசி வரியில் ‘எல்லாம்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘12-இல் 1’ என்று எண்ணி எழுதியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எந்த சர்வர் என்று சொல்லாதது

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஹோஸ்ட்நேம். அதுவும் உங்கள் பட்டியலில் இருக்கும் பெயர் இல்லை, அந்த சர்வரிடமே கேட்டு வாங்கிய பெயர்.

க்ரானில் புரோகிரஸ் பார்

லாகில் அது ஒரே வரியில் ஆயிரம் சதவீதக் குறிகளாக விழும். டெர்மினல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரையுங்கள்.

நேரம் போடாதது

போடுங்கள். எல்லா சர்வரிலும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். பாதி இந்திய நேரம், பாதி யூடிசி என்று இருந்தால் நள்ளிரவில் ஐந்தரை மணி நேரத்தை விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பாஸ்வேர்டை அச்சடிப்பது

பிழை தேடும்போது போட்ட ‘செட் மைனஸ் எக்ஸ்’ அப்படியே இருந்துவிடும், ஒவ்வொரு கமாண்டும் பாஸ்வேர்டோடு லாகில் ஏறும். பல சர்வர்களை நிர்வகிக்கும் அன்சிபிள் கருவி என்றால் அந்த டாஸ்க்கில், லாகில் எழுதாதே என்னும் ‘நோ லாக்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் லாகை அழிப்பது பத்தாது, அது எந்தெந்த மெஷினுக்கு நகலாகிப் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டை மாற்றுங்கள், இன்றைக்கே.