இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்குத் தீவனம் வெட்டும் மெஷின்: கணக்குப் போட்டு வடிவமைப்பது எப்படி?

தட்டையை முழுசாகத் தொட்டியில் போட்டால் மாடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் போட்டு மிதிக்கும். அதையே இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டிப் போட்டால் இலையும் தண்டும் கலந்தே வாய்க்குள் போய்விடும். வெட்டுவதால் தீவனத்தில் சத்து கூடிவிடாது, வீணாவதுதான் குறையும். ஆனால் ஒவ்வொரு கட்டையும் தலையில் சுமந்து வருபவருக்கு அந்த மிச்சமே பெரிய விஷயம்.

சிறு பண்ணைக்கு மலிவாக மெஷின் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் பெரிய மெஷினின் படத்தை எடுத்து, அதில் எதையெல்லாம் கழற்றலாம் என்று பார்க்கிறார்கள். முதலில் கழன்று போவது மூடியும், சிக்கியதைப் பின்னோக்கி வெளியே தள்ளும் ரிவர்ஸ் லீவரும்தான். நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிர்: வெட்டும் அளவைக் குறைத்துச் செலவைக் குறையுங்கள், பாதுகாப்பில் கை வைக்காதீர்கள். வெல்டிங், லேத் வேலை தெரிந்தவர் நீங்களே செய்யலாம், தெரியாதவர் கீழே உள்ள எண்களைப் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கலாம்.

முதல் படி: ஒரு நாளைக்கு எத்தனை கிலோ?

400 கிலோ எடையுள்ள கறவை மாடு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 முதல் 12 கிலோ உலர் பொருள் தின்னும். பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் 30 கிலோ பச்சைப் புல் போட்டாலும் அதில் உலர் பொருள் 6 கிலோதான், மீதியை வைக்கோலும் அடர்தீவனமும் ஈடு செய்யும். ஆக மூன்று மாட்டுக்கு வெட்ட வேண்டியது பச்சையும் வைக்கோலும் சேர்த்து 100 கிலோவை ஒட்டி வரும். அதை அரை மணி நேரத்தில் முடித்தால் போதும் என்றால், மணிக்கு 200 கிலோ வெட்டும் மெஷின் தாராளம். மணிக்கு ஒரு டன் வெட்டும் மெஷினை வாங்கி நாளுக்கு ஆறு நிமிடம் ஓட்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாம் படி: கையா, மோட்டாரா?

ஆரோக்கியமான ஒருவர் தொடர்ந்து கையால் சுற்றினால் சுமார் 75 வாட் சக்தி தர முடியும். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட், அதாவது பத்துப் பேர் சுற்றுவதற்குச் சமம். ஒரே மாடு இருந்தால், அல்லது கரண்ட் நிலையாக வராத இடமென்றால், கைச்சக்கரம் போதும். மூன்று நான்கு மாட்டுக்கு ஒரு ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் எடுங்கள். முற்றிய நேப்பியர், தடித்த மக்காச்சோளத் தட்டை தினமும் ஓட்டுவீர்கள் என்றால் இரண்டு ஹெச்.பி. அதற்கு மேல் போக வேண்டாம்.

மூன்றாம் படி: வேகக் கணக்கு

இது மொத்தமே ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் (60 ஹெர்ட்ஸ் என்றால் 1730-ஐ ஒட்டி இருக்கும், புல்லி அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்). மோட்டாரில் 75 மி.மீ. புல்லி, மெஷினில் 300 மி.மீ. புல்லி போட்டால் வேகம் நான்கில் ஒன்றாகி, கத்திச் சக்கரம் 360 சுற்று ஓடும். சக்கரத்தில் இரண்டு கத்தி இருந்தால் நிமிடத்துக்கு 720 வெட்டு.

ஒவ்வொரு வெட்டுக்கும் 20 மி.மீ. தீவனம் உள்ளே வர வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 14.4 மீட்டர் ஊட்ட வேண்டும். தீவனத்தைக் கவ்வி உள்ளே இழுக்கும் 90 மி.மீ. விட்டமுள்ள பல் உருளையின் சுற்றளவு 283 மி.மீ., எனவே உருளை நிமிடத்துக்கு 51 சுற்று ஓடினால் சரியாக வரும். 360-ஐ 51 ஆக்க ஏழுக்கு ஒன்று என்ற குறைப்பு தேவை. கியர் பெட்டியை மட்டும் ரிவர்ஸோடு ரெடிமேடாகவே வாங்கிவிடுங்கள், சொந்தமாகச் செய்து மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

கத்திக்கு முன் தீவனம் வெளிவரும் வாய் எவ்வளவு அகலம்? 150 மி.மீ. அகலம், உருளை அழுத்திய பிறகு 40 மி.மீ. உயரம் என்று வைத்து, அழுந்திய பச்சைத் தீவனம் கன மீட்டருக்கு 150 கிலோ என்று கணக்குப் போட்டால் மணிக்கு 780 கிலோ வருகிறது. யாரும் இடைவெளியே விடாமல் ஊட்ட முடியாது, மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் வாய் நிறைந்திருக்கும் என்று வைத்தாலும் 260 கிலோ. நமக்குத் தேவை 200. போதும்.

துண்டு ரொம்பப் பொடியாக வேண்டாம். ஒரு செ.மீ.க்கும் கீழே போனால் மாடு அசைபோடுவது குறையும், உமிழ்நீர் குறையும், பாலில் கொழுப்பு இறங்கும். ஊறுகாய்த் தீவனம் (சைலேஜ்) போடுபவருக்கு மட்டும் ஒன்று முதல் இரண்டு செ.மீ. வசதி, குழியில் நன்றாக அமுங்கும். சக்கரத்தில் நான்கு கத்திக்கு இடம் வைத்து, சாதாரண நாளில் எதிரெதிராக இரண்டு மாட்டி, தேவைப்பட்டால் நான்கும் மாட்டினால் துண்டு நீளம் பாதியாகிவிடும். ஒற்றைக் கத்தியைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது, சக்கரம் சமநிலை இழந்து ஆடும்.

நான்காம் படி: சக்கரத்தின் எடை

இரும்பு மிச்சம் பிடிக்கிறேன் என்று சக்கரத்தை இளைக்க வைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் முழுச் சக்தியில் ஓடினாலும் ஒரு வெட்டுக்குத் தரக்கூடியது 62 ஜூல்தான், நொடிக்குப் பன்னிரண்டு வெட்டு அல்லவா. ஆனால் 25 செ.மீ. ஆரத்தில் 20 கிலோ எடையுள்ள விளிம்பு 360 சுற்றில் ஓடும்போது கிட்டத்தட்ட 890 ஜூலைத் தனக்குள் வைத்திருக்கும். தடித்த பிடி ஒன்று வந்து ஒரே வெட்டுக்கு நூற்றைம்பது ஜூல் கேட்டாலும் சக்கரம் தன் சேமிப்பிலிருந்து கொடுத்துவிட்டு, அடுத்து மெல்லிய பிடி வரும்போது மோட்டாரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். சின்ன மோட்டாரை வைத்துச் சமாளிக்க முடிவதே இந்தக் கனமான சக்கரத்தால்தான். வேகம் பாதியானால் சேமிப்பு கால்வாசிதான் என்பதையும் நினைவில் வையுங்கள், மெஷின் முழு வேகம் பிடிக்கும் முன் ஊட்டினால் சிக்குவது அதனால்தான்.

பழைய வார்ப்பிரும்புச் சக்கரம் கிடைத்தால் தொங்கவிட்டுச் சுத்தியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் மந்தமாகச் சத்தம் வரும். விரிசலை வெல்டிங் வைத்து ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

ஐந்தாம் படி: கத்தியும் நிலைக் கத்தியும்

தீவனத்தை வெட்டுவது சுற்றும் கத்தி மட்டுமல்ல, அதற்கு எதிரே அசையாமல் நிற்கும் நிலைக் கத்தியும் சேர்ந்துதான், கத்தரிக்கோலின் இரண்டு அலகு போல. எதிரே தாங்கல் இல்லாத கத்தி தண்டை வெறும் வேகத்தால் அடித்து வெட்ட வேண்டும், அதற்குப் பல மடங்கு அதிக வேகமும் சக்தியும் தேவை. நம் சக்கரத்தில் 20 செ.மீ. ஆரத்தில் கத்தியின் வேகம் நொடிக்கு ஏழரை மீட்டர்தான், நிலைக் கத்தி ஒழுங்காக இருந்தால் இதுவே போதும்.

கத்திக்கு லாரியின் இலைவில் பட்டை நல்ல எஃகு. வடிவம் வெட்டி, துளை போட்டு, பிறகு பதம் ஏற்ற வேண்டும்: காந்தம் ஒட்டாத சூட்டையும் கொஞ்சம் தாண்டி, ஏறக்குறைய 840 டிகிரியில் எடுத்து எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்படியே விட்டால் கண்ணாடி போல் உடையும், ஆகவே மறுபடி 260, 280 டிகிரி வரை, தேய்த்த பரப்பில் பழுப்பு நிறம் ஏறி ஊதா எட்டிப் பார்க்கும் வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். விளிம்புச் சாய்வு 25 டிகிரி அளவில் இருக்கட்டும். கத்தி நிலைக் கத்திக்கு நேராக விழாமல் 20 முதல் 30 டிகிரி சரிவாக வந்தால் வெட்டு ஒரு ஓரத்தில் தொடங்கி நகர்ந்து போகும், மோட்டார் ஒரேயடியாகத் திணறாது. சரிவு மிக அதிகமானால் தண்டு வெட்டுப்படாமல் ஓரத்துக்குத் தள்ளப்படும்.

இரண்டு கத்தியையும் தராசில் போட்டு எடையைச் சமமாக்குங்கள். ஒரு கிலோ கத்தி இந்த வேகத்தில் தன் போல்ட்டை 29 கிலோ விசையோடு வெளியே இழுக்கிறது. 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டும் பூட்டு நட்டும் மட்டுமே போட வேண்டும்.

இடைவெளி சரிபார்க்க ஒரு காகிதம் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டையும் கழற்றிவிட்டு, ஒற்றைத் தாளை நிலைக் கத்தி மேல் வைத்து சக்கரத்தை மரக்கட்டையால் தள்ளித் திருப்புங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுத்தமாக வெட்டுப்பட்டால் சரி. நடுவில் மடிந்து வழுக்கினால் அந்த இடத்தில் இடைவெளி கூடுதல். இதைத் திருத்தக் கத்தியின் முதுகில் தள்ளு திருகுகள் வையுங்கள். மெஷின் முழுக்கத் திருகும் நட்டும் ஒரே ஸ்பேனர் அளவில் இருந்தால் மாடு வளர்ப்பவரே தொழுவத்தில் நின்று சரி செய்துகொள்வார். நிலைக் கத்தியைச் செவ்வகப் பட்டையாகச் செய்தால் ஒரு விளிம்பு தேய்ந்ததும் திருப்பிப் போடலாம்.

ஆறாம் படி: ஊட்டும் வாய்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நிமிடத்துக்கு 14.4 மீட்டர் என்றால் நொடிக்கு 24 செ.மீ. உருளை விரல் நுனியைக் கவ்வினால் முழங்கை வரை போக இரண்டு நொடி போதும். ஸ்விட்சை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் சக்கரத்தில் இருக்கும் அந்த 890 ஜூலும் உருளையை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் மூன்று விஷயம் கட்டாயம். ஒன்று, ஊட்டும் தொட்டி மேலே திறந்த தட்டாக இல்லாமல் மூடிய குழாயாக இருக்க வேண்டும், தீவனத்தை நுழைக்கும் திறப்பிலிருந்து உருளை வரை குறைந்தது 85 செ.மீ. நீளம், அந்தத் திறப்பின் உயரம் 12 செ.மீ.க்கு மிகாமல். தோள் வரை கையை விட்டாலும் உருளை எட்டக் கூடாது என்பதற்காக ஐ.எஸ்.ஓ. 13857 தரநிலை சொல்லும் தூரம் அது. தகரம் கொஞ்சம் கூடுதலாகும், ஆகட்டும். இரண்டாவது, அந்தத் திறப்பின் விளிம்பில் இடுப்பு உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி. உடம்பால் தள்ளினாலே அது உருளையின் கிளட்சை விடுவிக்க வேண்டும், மோட்டாரை மட்டும் அணைப்பதாக இருந்தால் பயனில்லை. இரு கையும் மாட்டியவர் கையால் ஸ்விட்சைத் தேட முடியாது. மூன்றாவது, பின்னோக்கிச் சுற்றும் ரிவர்ஸ் லீவர், ஊட்டுபவர் நிற்கும் பக்கமே.

மேல் உருளை ஸ்பிரிங் அழுத்தத்தில் ஏறி இறங்க வேண்டும், கீழ் உருளை நிலையானது. உருளைக்கும் நிலைக் கத்திக்கும் இடையே எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கம் வையுங்கள், தள்ளிப் போனால் கடைசித் துண்டு பிடிப்பில்லாமல் நீளமாக வரும். உருளை இயக்கத்தில் ஒரு மெல்லிய போல்ட்டை வெட்டுப்படு ஆணியாகப் போட்டால் கல்லோ இரும்போ வந்து உருளை சிக்கும்போது அது உடைந்து கியரைக் காப்பாற்றும்.

ஏழாம் படி: சட்டம், மின் இணைப்பு

40×40×5 ஆங்கிள் இரும்பில் சட்டம், 30 மி.மீ. ஷாஃப்ட், அதற்கு யூ.சி.பி. 206 பேரிங். பெல்ட் ஏ வகை, ஏனென்றால் 75 மி.மீ. புல்லி பி வகைக்கு ரொம்பச் சிறியது. இரண்டு ஹெச்.பி. என்றால் இரட்டைப் பெல்ட். புல்லிகளின் மையத் தூரம் 50 செ.மீ. அளவில் இருந்தால் சின்னப் புல்லியில் பெல்ட் நன்றாகச் சுற்றிப் பிடிக்கும். சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் முழு மூடி.

மோட்டாருக்கு வெறும் ஸ்விட்ச் போடாமல் ஸ்டார்ட்டர் போடுங்கள். கரண்ட் போய் மறுபடி வரும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது, யாராவது உள்ளே சிக்கியதை எடுத்துக்கொண்டிருக்கலாம். எர்த் இல்லாமல் ஈரத் தொழுவத்தில் இதை வைக்கவே கூடாது.

எட்டாம் படி: ஓட்டிப் பார்த்தல்

முதலில் கால் மணி நேரம் வெறுமனே ஓட்டி நிறுத்துங்கள். சக்கரம் முழுசாக நின்ற பிறகு பேரிங் கூட்டில் கை வைத்துப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லை அல்லது பெல்ட் மிக இறுக்கம். அப்புறம் பச்சைப் புல், கடைசியாகத்தான் வைக்கோல். வெட்டியதில் ஒரு பிடி எடுத்துத் தரையில் பரப்புங்கள். பெரும்பாலான துண்டுகள் 20 மி.மீ.யை ஒட்டி இருந்து இடையிடையே நீளத் துண்டு வந்தால் கவலை இல்லை, தட்டை கோணலாகப் போயிருக்கும். இலை நார் நாராகத் தொங்கினால் இடைவெளி கூடுதல். தண்டு நசுங்கிச் சாறு கசிந்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது, சாணை பிடிக்க வேண்டும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் அதை ஓட்டுபவர்கள் அடிக்கடி சாணை பிடிக்க வேண்டி வரும். சாய்வான பக்கத்தை மட்டும், சூட்டில் நீலம் பாயாமல், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தீட்டி, இரண்டு கத்தியையும் மறுபடி எடை போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு இடையே ஒரு பூட்டு ஆணியைச் செருகிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் கை வைத்துச் சுற்றிப் பார்க்கும் பொருள் இது. அந்த ஆணிக்கான துளையைச் சட்டத்தில் போடச் சொல்லி முதல் நாளே பட்டறையில் சொல்லிவிடுங்கள், மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு யாரும் அதைச் செய்வதில்லை.