தலையில் அடிபட்ட முதியவரைச் சில வாரங்கள் கவனியுங்கள்

மூளையை டியூரா, அரக்னாய்டு, பயா என்னும் 3 உறைகள் சூழ்ந்துள்ளன. வெளியுறையான டியூரா தடித்த தோல் போன்றது; அதன் இரு அடுக்குகளுக்கு இடையே அமைந்த சிரைக்குழிவுகளில்தான் மூளையிலிருந்து வெளியேறும் இரத்தம் சேர்ந்து, கழுத்துச் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து இக்குழிவுகளுக்குச் செல்லும் மெல்லிய பாலச் சிரைகளே நாம் கவலைப்பட வேண்டிய இடம். வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குவதால் அவை இழுத்துக் கட்டிய நூல்போல விறைத்து நிற்கின்றன. நிலைவாசலில் தலை இடித்தால்கூட அறுந்துவிடக்கூடும். சிரையில் அழுத்தம் குறைவாதலால் இரத்தம் டியூராவுக்கு அடியில் மெதுவாகவே தேங்குகிறது. காயம் ஆறி, அடிபட்டதே மறந்துபோன 2, 3 வாரங்களுக்குப் பின்னரும் அறிகுறிகள் தோன்றலாம்.

ஆகவே அடிபட்ட தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதன்பின் விடாத தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், முதுமைதான் காரணம் என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அந்தத் தேதியைச் சொல்லுங்கள், சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவராயின், அறிகுறிக்குக் காத்திராமல் அடிபட்ட அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது.