பிள்ளைகள் மேல் பராமரிப்பு மனு கொடுப்பது எப்படி?

வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பெற்ற பிள்ளை சோறு போடவில்லை, வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே தள்ளிவிட்டான் என்று அழுதுகொண்டு வருகிறவர்களில் பலருக்கு இதற்கென்றே ஒரு சட்டம் இருப்பது தெரியாது. 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்தான் அது.

இந்தச் சட்டப்படி கோட்டாட்சியர் அல்லது சப் கலெக்டர்தான் விசாரிப்பார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று வழி கேட்டு, லைசென்ஸ் கொடுக்கும் இடத்தில் போய் நிற்காதீர்கள், அது வேறு. நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் மனு கொடுக்கலாம், பிள்ளை இருக்கும் இடத்திலும் கொடுக்கலாம். வக்கீல் வேண்டியதில்லை. தாய் தகப்பன் என்றால் 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளை இல்லாத முதியவர், தன் சொத்தை அனுபவிக்கிற அல்லது தனக்குப் பின் அதை அடையப்போகிற உறவினர் மேல் கொடுக்கலாம்.

மனுவில் பத்து வருஷச் சண்டையைக் கொட்டாதீர்கள். யார் யாரை என்ன திட்டினார்கள் என்பது அரைப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. மாதச் செலவை எழுதுங்கள்: சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, பால், மளிகை, கேஸ் சிலிண்டர், வாடகை, ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆட்டோ. ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய். மருந்துக்கடை பில்களைப் பின்னால் இணையுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை சட்டத்தில் இடம் உண்டு. விசாரணை முடியும்வரை சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால், இடைக்காலத் தொகை வேண்டும் என்று அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

பணத்தோடு நிற்க வேண்டாம். தங்குமிடமும் மருத்துவமும் பராமரிப்பில் அடக்கம். ஒரு பாட்டி என்னிடம், "ரூபா அப்புறம் இருக்கட்டும் தம்பி, கக்கூஸைப் பூட்டி வச்சிருக்கா, அந்தச் சாவியை வாங்கிக் குடு" என்றார். அதையே மனுவின் முதல் கோரிக்கையாக எழுதினேன்.

விசாரணை நாளில் எனக்கு மனசு கொதிப்பது ஒரு விஷயத்தில்தான். அம்மா எதிரே உட்கார்ந்திருப்பார். அதிகாரியின் கேள்வி, துணைக்கு வந்தவரிடம் போகும். எதிர்த்தரப்பு மகன், "அதுக்கு வயசாயிடுச்சு சார், ஞாபகம் இல்லை" என்பான். உதவிக்கு வந்த மகளும் "அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது" என்று தானே பேசுவாள். வயசானால் புத்தியும் போய்விடும் என்று யார் சொன்னது? கூடப் போகிறவர் ஒரு நாற்காலி பின்னால் உட்காருங்கள். அம்மா பேசட்டும். காது மந்தம் என்றால், "சத்தமாகக் கேளுங்கள் ஐயா, அவரே பதில் சொல்வார்" என்று மட்டும் சொல்லுங்கள். முந்தின நாளே மனுவை அவருக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்லாதது ஒரு வரி இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தவர்களுக்கு 23-வது பிரிவு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை பார்க்கவில்லை என்றால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் வழக்கில், தானப் பத்திரத்தை ரத்து செய்து சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருந்தது அங்கே உதவியது. ஆகவே வீட்டில் இருக்கும் எந்தத் துண்டுச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். இனிமேல் எழுதப்போகிறவர்கள் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மகன் முகம் சுருங்கினாலும் பரவாயில்லை.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். இழுத்தால் அந்தத் தேதியைச் சுட்டி ஒரு நினைவூட்டு மனு கொடுங்கள். உத்தரவான தொகை போதாது என்றால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு வந்தும் பிள்ளை பணம் தரவில்லையா? தவறிய மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வாரன்ட் போட அதிகாரம் உண்டு, ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. பாசத்தால் ஆறு மாதம் பொறுத்துவிட்டு வந்தால் பழைய பாக்கிக்கு வாரன்ட் கேட்க முடியாது.